காந்த அடுக்கைக் கடக்கும் மீக்கடத்து மின்னோட்டம்: டர்பன் வாசகர் கேள்வி பதில்

சாட்ஸ்வொர்த் மாணவி: மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் பாயும் மீக்கடத்தலைக் காந்தம் கெடுக்கும் என்று படித்தோம். அப்படியானால், இரு மீக்கடத்திகளுக்கு நடுவே காந்த அடுக்கை வைத்தால் மின்னோட்டம் எப்படிப் பாயும், ஐயா?

கெடுக்கும் என்பது உண்மை, அம்மா. நுழைந்த கணமே கெடுத்துவிடும் என்பது உண்மையன்று. நியோபியம் போன்ற மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கூப்பர் இணைகளாகச் சேர்ந்தே மின்னோட்டத்தைச் சுமக்கின்றன; இணையின் இரு எலக்ட்ரான்களும் எதிரெதிர்த் தற்சுழற்சி (ஸ்பின்) உடையவை; காந்த அடுக்கோ அனைத்தையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கிறது. ஒன்றின் ஆற்றல் கூடி மற்றதன் ஆற்றல் குறைவதால் இணைக்கு ஓர் உந்தம் சேர்ந்துவிடுகிறது. அதன் அலை தேய்ந்துகொண்டே நேர்க்குறிக்கும் எதிர்க்குறிக்கும் இடையே ஊசலாடுகிறது. எதிர்க்குறியில் உள்ள தடிமனில் அடுக்கு முடிந்தால், இரு மீக்கடத்திகளின் கட்டங்களும் (அலைநிலைகளும்) இயல்பாகவே 180 பாகை வேறுபட்டு நிற்கும். இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய அடுக்குள்ள அமைப்புக்குச் சந்தி என்று பெயர்; 180 பாகை என்பது பை ரேடியன் ஆதலால் இது பை சந்தி. ஃபெர்ரோ காந்த அடுக்கில் இது நிகழும் என்று 1982இல் புஸ்டினும் உடனாய்வாளர்களும் கணித்தனர். 2001இல் ரியாசனொவ் குழுவினர் செம்பு-நிக்கல் கலவையில் அதைக் கண்டனர்: குளிரக் குளிர மாறுநிலை மின்னோட்டம் (தடையின்றிப் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம்) சுழியை நோக்கி இறங்கி, மீண்டும் ஏறியது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: தூய கோபால்ட்டை விட்டுக் கலவை எதற்கு?

கோபால்ட்டில் ஊசலாட்டம் ஓரிரு நானோமீட்டர் அளவிலேயே நடந்துவிடும். வலுக்குறைந்த கலவையில் அடுக்கைச் சற்றுத் தடிமனாகப் படியவைக்கலாம்.

ஃபீனிக்ஸ்: இதனால் மின்வெட்டு தீருமா?

தீராது. நியோபியம் மீக்கடத்தியாவதே 9.2 கெல்வினுக்குக் கீழேதான். பை சந்தி நினைவகங்களுக்கும் கணிப்புச் சுற்றுகளுக்கும் உரியது.

வெருலம்: அவ்வளவு குளிர்விக்க வேண்டிய ஹீலியம் நம் நாட்டில் கிடைக்கிறதா?

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து வர்ஜீனியா எரிவாயுவில் உண்டு. விலையை என்னிடம் கேட்காதீர்கள்.

லெனேசியா ஆய்வு மாணவர்: தடிமனை மாற்றி அளந்தபோது மின்னோட்டம் ஓரிடத்தில் தாழ்ந்து எழுந்தது. பை சந்தி என்று எழுதலாமா?

எழுதாதீர்கள், தம்பி. நீங்கள் அளந்தது பருமன், குறி அன்று. அடுக்கின் சொந்தக் காந்தப்பாயமே, வெளிப்புலத்துக்கேற்ப மின்னோட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஃப்ராவுன்ஹோஃபர் வரைவின் மைய உச்சியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். வெளிப்புலத்தைச் சுழியில் வைத்து அளந்தால், தள்ளிப்போன வரைவின் பள்ளத்தைக் குறி மாற்றம் என்று எண்ணிவிடுவீர்கள். முதலில் மைய உச்சியைத் தேடுங்கள்.

அவரே மீண்டும்: அப்படியென்றால் 2006இல் குரோமியம் டை ஆக்சைடில் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தூரம் மின்னோட்டம் பாய்ந்ததாக ஓர் ஆய்வுக் குழு சொன்னதும் கோளாறுதானே? அடுக்கிலுள்ள ஊசித்துளை வழியாகக் கசிந்திருக்கும்.

நல்ல சண்டை, ஆனால் துளை வாதம் அங்கே செல்லாது. அடுக்கின் மேலும் கீழும் மீக்கடத்தி இருந்தால்தான் துளை குறுக்குவழியாகும். அங்கே மின்முனைகள் இரண்டும் படலத்தின் ஒரே முகத்தில், இடைவெளி விட்டு அமைந்திருந்தன. மேலும், அது ஒரே தற்சுழற்சி எலக்ட்ரான்களே கடத்தும் பொருள் என்பதால், எதிரெதிர் இணைக்கு அங்கு இடமே இல்லை. இரு தற்சுழற்சிகளும் ஒரே பக்கம் நிற்கும் மும்மை இணைகளைக் காந்தம் பிரிப்பதில்லை. காந்தமாக்கத் திசை இடத்துக்கிடம் மாறும் எல்லையில் அவை பிறக்கும் என்று பெர்கெரெட், வோல்கோவ், எஃபெடோவ் 2001இலேயே எழுதினர். 2010இல் ராபின்சன் குழுவினர், திருகுக் காந்த ஒழுங்குள்ள ஹோல்மியத்தைக் கோபால்ட்டின் இருபுறமும் வைத்தனர். கோபால்ட் தடிமனாகியும் மின்னோட்டம் மெல்லவே குறைந்தது. உங்கள் ஐயம் வெல்ல வேண்டுமானால், இந்த மெல்லத் தேய்தலைத் துளைகளால் விளக்கிக் காட்டுங்கள்.

டொங்காட்: இதை மின்கம்பியாக்கி மின்வெட்டை…

ஃபீனிக்ஸ் வாசகருக்குச் சொன்னதே.

சாட்ஸ்வொர்த், இன்னொருவர்: குறியை எப்படித்தான் அறிவது?

ஐயத்துக்குரிய சந்தியையும் சாதாரணச் சந்தியையும் ஒரே வளையத்தில் இணையுங்கள். முன்னது பை சந்தியானால், வளையத்தின் குறுக்கீட்டு வரைவு அரைப் பாயக் குவாண்டம் (காந்தப்பாயத்தின் அடிப்படை அலகில் பாதி) நகர்ந்து நிற்கும். அதற்கும் முன்பு, தனிச் சந்தியின் மைய உச்சியைத் தேடிவிடுங்கள்.