டேபிள் மலைக்கு எந்த வழியாக ஏறுவது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சூழ்ந்துள்ள மலைகளில் நடைப்பயணம் செல்ல விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

டிசம்பர் இறுதியில் குடும்பத்துடன் கேப் டவுன் செல்கிறோம். ரோப் காரைத் தவிர்த்து, டேபிள் மலையில் நடந்தே ஏற ஆசை. எந்தப் பாதை நல்லது? (வாசகர், மதுரை)

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பிளாட்டெக்ளிப் கணவாய்ப் பாதையைத்தான். 1503-ல் போர்ச்சுகீசிய மாலுமி அன்டோனியோ டி சல்தானா ஏறியதாகப் பதிவாகியுள்ள வழியும் அதுவே. ரோப் கார் நிலையத்தைத் தாண்டிச் செல்லும் டாஃபெல்பெர்க் சாலையில் தொடங்கி, கல் படிகளாக வளைந்து வளைந்து, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்கு அது நேராக மேலே கொண்டுசெல்கிறது. வழி தவறுவதற்கு வாய்ப்பில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் டிசம்பரில் அங்கே கோடைக்காலம் என்பதையும், தென் அரைக்கோளத்தில் சூரியன் வடக்கு வானத்தின் வழியே செல்வதால் மலையின் வடக்கு முகமே நாள் முழுவதும் வெயிலை வாங்குகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிளாட்டெக்ளிப் இருப்பது அந்த வடக்கு முகத்தில்தான். வழியில் நிழல் மிகக் குறைவு. பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்க முடியாதவர்கள் அன்று அந்தப் பாதையை விட்டுவிடுவதே நல்லது.

என் பரிந்துரை கிழக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கெலிட்டன் கணவாய். கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டத்துக்குள் தொடங்குவதால் தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மற்றபடி பகல்நேர நடைக்கு அனுமதிச்சீட்டு எதுவும் தேவையில்லை. அடர்ந்த காட்டின் நிழலில், ஓடையை ஒட்டி, சில இடங்களில் மர ஏணிகளைப் பற்றிக்கொண்டு ஏறும் வழி இது. தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த ஜான் ஸ்மட்ஸ் முதிய வயதிலும் இவ்வழியே ஏறிவந்ததால் இதற்கு ஸ்மட்ஸ் பாதை என்றும் பெயருண்டு. (காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் தமிழர்கள் பலரைச் சிறைக்கு அனுப்பிய அரசின் அமைச்சர் அதே ஸ்மட்ஸ்தான்.) ஏறிய வழியிலேயே இறங்காதீர்கள். ஈரப் பாறையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அருகிலுள்ள நர்சரி பள்ளத்தாக்கு வழியாகத் தோட்டத்துக்கே திரும்பலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் கான்ஸ்டான்ஷியா நெக் வரை செல்லும் ஜீப் பாதையில் மெல்ல இறங்கலாம்.

"ஏறுவது நடந்து, இறங்குவது ரோப் காரில்" என்று திட்டமிடுபவர்கள் ஏராளம். காற்று பலமானால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள், அப்போது நடந்து இறங்குவதுதான் வழி. ஆகவே இறங்குவதற்கும் சேர்த்துத் தண்ணீரும் வெளிச்சமும் மிச்சமிருக்குமாறு கணக்கிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் இரவு எட்டு மணி வரை பகல் இருக்கும். ஜூனில் மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் மலையுச்சியை மட்டும் மேகம் போர்த்தியிருக்கும் படங்களைப் பார்த்தேன். அது எப்படி? அப்போது ஏறலாமா? (வாசகி, தூத்துக்குடி)

கோடை மாதங்களில் தென்கிழக்கிலிருந்து வீசும் பலத்த காற்று, ஃபால்ஸ் விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்துவந்து மலையில் மோதி மேலெழும்புகிறது. உயரத்தில் குளிர்ந்து மேகமாகும் அந்த ஈரம், வடக்கு முகத்தின் வழியே நகரை நோக்கி வழிந்து, கீழே உள்ள வெப்பமான காற்றில் கரைந்துவிடுகிறது. அதனால் மேகம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். கீழிருந்து பார்க்க அழகான இந்தக் காட்சிக்குள் சிக்கிக்கொண்டால் சில அடி தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. வெப்பமும் சட்டென்று குறைந்துவிடும். மேசை போன்ற தட்டையான உச்சியில் எல்லாத் திசையும் ஒன்றுபோல் தோன்ற, விளிம்போ செங்குத்தாக இறங்குகிறது. மேகம் திரளத் தொடங்கினால் ஏறாதீர்கள், கடற்கரைக்குப் போங்கள்.

வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறியிருக்கிறேன். இந்தியா வென்ஸ்டர் என்றொரு பாதை இருக்கிறதாமே, எனக்கு அது சரிப்படுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

தேவைப்படுவது வேறு திறமை. வெள்ளியங்கிரியில் நெஞ்சுரமும் கால்வலிமையும் போதும். இந்தியா வென்ஸ்டரில் ரோப் காரின் கம்பிகளுக்குக் கீழே, கைகளால் பாறையைப் பற்றி ஏற வேண்டிய இடங்கள் உள்ளன. விபத்துகளுக்குப் பெயர்பெற்ற பாதை அது. வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம், எக்காரணம் கொண்டும் அதன் வழியே இறங்கவும் வேண்டாம்.

ஏழு வயது மகனும் வயதான பெற்றோரும் உடன் வருகிறார்கள். எளிய பாதை உண்டா? (வாசகி, சென்னை)

இரண்டைச் சொல்வேன். ஒன்று, க்ளூஃப் நெக்கிலிருந்து பன்னிரு சீடர் சிகரங்களின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் பைப் டிராக். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநீரை நகருக்குக் கொண்டுவரக் குழாய் பதித்த வழி என்பதால் பெரும்பாலும் சமதளம். நினைத்த இடத்தில் திரும்பிவிடலாம். மேற்கு நோக்கியிருப்பதால் காலையில் மலையின் நிழல் கிடைக்கும். மற்றொன்று, தெற்கே சில்வர்மைன் நீர்த்தேக்கத்திலிருந்து யானைக்கண் குகைக்குச் செல்லும் வழி. குகை வரை ஏற முடியாத பெரியவர்கள் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கலாம். 669 மீட்டர் உயரமுள்ள லயன்ஸ் ஹெட் சிறியதாகத் தெரிந்தாலும் உச்சிக்கு அருகே சங்கிலியும் இரும்புப் பிடிகளும் உள்ளன. சுற்றுவழி இருந்தாலும் உங்கள் குழுவுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

வழிப்பறி நடப்பதாகக் கேள்விப்படுகிறோம். உண்மையா? (வாசகர், சிங்கப்பூர்)

உண்மைதான். மலை நகரத்துக்கு நடுவில் இருப்பதால் நகரத்தின் குற்றங்களும் பாதைகளின் கீழ்ப்பகுதிகளுக்கு வந்துவிடுகின்றன. நான்கு பேருக்குக் குறையாமல் செல்லுங்கள்; நகை, விலையுயர்ந்த கேமரா ஆகியவற்றை விடுதியிலேயே வையுங்கள்; எந்தப் பாதையில் சென்று எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியிலிருந்து அவசர உதவிக்கு 112.

உச்சியில் ஒரு கற்குவியல் இருப்பதாகவும், அதற்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டென்றும் நண்பர் சொன்னார். சரியா? (வாசகர், தாம்பரம்)

நேரடித் தொடர்பு இல்லை. சுற்றிவளைத்த தொடர்பு உண்டு, அது சுவையானது. 1752-ல் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் கேப் பகுதியில் தீர்க்கரேகை வில் ஒன்றை (வடக்கு-தெற்காகச் செல்லும் கோட்டின் ஒரு பகுதியை) அளந்தபோது, தென் அரைக்கோளத்தில் பூமியின் வடிவம் வடக்கிலிருந்து மாறுபட்டிருப்பதுபோல் விடை வந்தது. (டேபிள் மலையின் பெயரை மென்சா என்று ஒரு விண்மீன் தொகுதிக்குச் சூட்டியவரும் அவரே.) அறிஞர்களைக் குழப்பிய அந்த விடைக்கு விளக்கம் தந்தவர் இந்தியாவிலிருந்து வந்த ஒரு நோயாளி. 1802-ல் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பகுதியில் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியில் அவருக்கு உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், உடல்நலம் தேற 1820-ல் கேப்புக்கு அனுப்பப்பட்டார். ஓய்வெடுக்காமல் லக்காயின் அளவிடங்களைத் தேடிப் பார்த்த அவர், அருகிலிருந்த மலைகளின் ஈர்ப்பு தூக்குநூலைச் சற்றே இழுத்ததால்தான் கணக்கு பிசகியிருக்க வேண்டும் என்று கருதினார். 1840-களில் வானியலாளர் தாமஸ் மக்லியர் மீண்டும் அளந்தபோது அந்தக் கருத்து உறுதியானது. அந்த அளவைக்காக 1844-ல் அவர் எழுப்பிய கற்குவியலே சுமார் 1,085 மீட்டர் உயரத்தில், மலையின் மிக உயர்ந்த புள்ளியில் நிற்கிறது. அது ரோப் கார் நிலையத்திற்கு எதிர்க்கோடியான கிழக்கில் இருப்பதால், சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். தட்டையான பாறை வழியில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஸ்கெலிட்டன் கணவாய் வழியாக வருபவர்களுக்கு அது போகும் வழியிலேயே இருக்கிறது.

மலைமேல் உள்ள ஓடைநீர் தேநீர் நிறத்தில் இருக்கிறதே, மாசுபட்டதா? நம் வரையாட்டையும் அங்கே காணலாமாமே? (வாசகி, உதகை)

நிறம் மாசினால் வந்ததல்ல. ஃபின்போஸ் எனப்படும் அப்பகுதிப் புதர்ச் செடிகளிலிருந்து கசியும் டானின் அது. ஆனாலும் மனிதர் நடமாட்டம் மிகுந்த பாதைகளில் நீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். அங்கே இருந்தது நீலகிரி வரையாடு அல்ல, இமயமலை வரையாடு. 1930-களில் விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பி மலையில் பெருகியவற்றை, அவை உள்ளூர்த் தாவரங்களை அழித்ததாலும், அம்மண்ணுக்குரிய கிளிப்ஸ்பிரிங்கர் மான்களை மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்ததாலும், தேசியப் பூங்கா நிர்வாகம் சுட்டு அகற்றியது. இப்போது உங்கள் கண்ணில் அதிகம் படப்போவது யானையின் உறவான டாசி என்னும் பாறை முயல்தான். அதற்குத் தின்பண்டம் போடாதீர்கள், நன்றாகக் கடிக்கும்.