சமவெளியிலேயே வண்டி ஓட்டிப் பழகியவர் இமாச்சலத்து ஸ்பிதி மாதிரி மலைப்பாதைக்கு ஜீப் எடுத்துக்கொண்டு போகலாமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் கொஞ்சம்தான். தஞ்சாவூர் பக்கம், புதிதாக ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கிற) வண்டி வாங்கியிருக்கிறீர்கள், மலையில் ஓட்டியதே இல்லை, விடுமுறைக்கு இமயமலைப் பக்கம் கரடுமுரடான பாதையில் போக ஆசை. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வயது முப்பதுக்குள் இருக்கும். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். கூடப் படித்தவன் யாராவது, "டெல்டாக்காரன் மேட்டையே பார்த்ததில்லை, உனக்கு எதுக்கு இந்த வண்டி" என்று கேட்டிருப்பான்.

இதே வார்த்தையை ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் சொன்னார். அது இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போகலாம். தாராளமாகப் போகலாம். ஏறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை வண்டி பார்த்துக்கொள்ளும். இறங்கக் கற்றுக்கொண்டு போங்கள்.

எனக்கு வலங்கைமான் பக்கம். குடமுருட்டிப் பாசனம், சொந்தமாக டிராக்டர், இருபத்திரண்டு வருஷமாக நானே ஓட்டுகிறேன். நடவுக்கு முன் சேடை ஓட்டும்போது கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டி, முழங்கால் ஆழத் தொழிச் சேற்றில் டிராக்டரை இறக்கி, சிக்காமல் கரையேற்றத் தெரிந்தவனுக்கு ஆஃப்ரோடில், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டுவதில், பாதி ஏற்கெனவே தெரியும். சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை முறுக்கக் கூடாது, முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். ஒரு சக்கரம் சும்மா சுற்றி இன்னொன்று நின்றுவிட்டால் இரண்டையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற டிஃபரன்ஷியல் லாக்கைக் குதிகாலால் மிதிக்க வேண்டும், பிடிப்பு கிடைத்ததும் காலை எடுத்துவிட வேண்டும், லாக்கோடு திருப்பக் கூடாது. இதையெல்லாம் ஊருக்கு ஊர் பணம் கட்டி வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பையன் பதினெட்டு வயதிலேயே வயலில் கற்றுக்கொள்கிறான்.

தொழி என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துவிட்டால் டயர் வைத்த அறுவடை மெஷின் வயலில் இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அது தெரிந்துகொண்டு தரகர்கள் செய்கிற வேலை இருக்கிறதே! காலையில் பேசிய வாடகை வேறு, மதியம் மேகம் கூடியதும் கேட்கிற வாடகை வேறு. போன தாளடியில் மணிக்கு 2,400 ரூபாய் என்று பேசிவிட்டு, வண்டி வரப்புக்கு வந்த பிறகு இன்னும் நானூறு வைத்தால்தான் இறக்குவேன் என்றார் ஒருவர். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது, என்ன செய்ய முடியும்? கொடுத்தேன். பக்கத்து வயல்காரர் நகையை வைத்துக் கொடுத்தார். இதைக் கேட்பதற்கு ஆள் இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறப்பார்கள். 2024இல் அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28தான் திறந்தார்கள். எனக்கு ஆற்றுப் பாசனம் மட்டும், போர்வெல் கிடையாது. குறுவை போடவில்லை. ஜூன் மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று, சண்டிகரில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி கூப்பிட்டான்: "அத்தான், அக்காவைக் கூட்டிட்டு வாங்க, என் தார் ஜீப்பை எடுத்துக்கிட்டு ஸ்பிதி போவோம்." மாதக் கடைசியில் நாங்கள் இரண்டு பேர், அவன், அவனுடைய பதினான்கு வயது மகன் என்று நாலு பேர் கிளம்பினோம்.

சிம்லா வழியாகத்தான் போனோம். இதை நீங்களும் மாற்றாதீர்கள். மணாலி வழியாக ஏறினால் தூரம் குறைவு, ஆனால் ஒரே நாளில் உயரம் கூடிவிடும், தலைவலியும் வாந்தியும் பிடித்துக்கொள்ளும். சிம்லா வழியில் நார்கண்டா, கல்பா, தாபோ என்று ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் ஏறும், உடம்பு பழகிக்கொள்ளும். தாபோவில் 996ஆம் ஆண்டு கட்டிய புத்த மடாலயம் இருக்கிறது. மண் சுவர்தான். எங்கள் பெரிய கோயிலுக்கு முந்தியது என்று சொன்னதும் என் மனைவி அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள். ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா வந்து சேர்ந்தபோது சுமார் 12,000 அடி, நாலு பேருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

காசாவிலிருந்து குன்சும் கணவாய் வழியாக மணாலிப் பக்கம் இறங்க வேண்டும். கணவாய் ஏறத்தாழ 15,000 அடி. மேலே குன்சும் தேவி கோயில் ஒன்று இருக்கிறது, வண்டிகள் அதைச் சுற்றிவிட்டுத்தான் போகின்றன. நாங்களும் சுற்றினோம். ஏறும்போது முழுக்க நான்தான் ஓட்டினேன், ஒரு சிரமமும் இல்லை. அந்த நம்பிக்கையில், இறங்கும்போதும் நானே ஓட்டுகிறேன் என்றேன்.

தப்பு அங்கேதான் நடந்தது, முழுக்க என்னுடைய தப்பு. சமவெளியில் வேகம் கூடினால் பிரேக், அவ்வளவுதான் நமக்குப் பழக்கம். மூன்றாம் கியரில் வண்டியை விட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். ஏழெட்டு வளைவு தாண்டியிருப்பேன். கருகிய வாசனை வந்தது. கிளட்ச் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. வண்டி நிற்கிறது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. வலது பக்கம் கல் சரிவு, தடுப்புச் சுவர் கிடையாது. மச்சினன் சத்தம் போடாமல், "அத்தான், ரெண்டாவதுக்கு வாங்க, அப்புறம் ஒன்னு" என்று மட்டும் சொன்னான். கியரைக் குறைத்ததும் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பையன் வாட்டர் பாட்டிலை எடுத்துச் சூடேறிய பிரேக் டிஸ்க்கில் ஊற்றப் போனான், தடுத்துவிட்டோம். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிவிடும். தானாக ஆற முக்கால் மணி நேரம் ஆனது. என் மனைவி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு நாலு சக்கர இழுவையில் லோ, அதாவது வண்டியை மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுகிற நிலை, போட்டு, இரண்டாம் கியரில், பிரேக்கில் காலே வைக்காமல் கீழே பாதால் என்ற இடம் வரை இறங்கினேன். லோ போட வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வந்துதான் லீவரைத் தள்ள வேண்டும், ஓடும்போது விழாது. சரிவு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கால் பழக்கத்துக்குத்தான் போனது. அதனால்தான் பயிற்சி என்கிறேன்.

அந்த முக்கால் மணி நேரம் எங்களை இன்னொரு சிக்கலில் கொண்டுபோய் விட்டது. பாதால் தாண்டிச் சத்ரு என்கிற இடத்துக்குப் போகும் வழியில் பனி உருகி வருகிற ஓடைகள் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும். நாலா என்கிறார்கள். பாலம் கிடையாது, தண்ணீருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகும், சாயங்காலம் தண்ணீர் அதிகம். ராத்திரி உறைந்துவிடும், விடியற்காலையில் குறைவு. நாங்கள் ஒரு பெரிய நாலாவுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை.

மச்சினன் போய்விடலாம் என்றான். தார் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். மலை எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும். மேலே நுரைத்துச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிற இடத்தில் ஆழம் இல்லை, அடியில் கல் இருக்கிறது. கருத்து, வழவழவென்று சத்தமில்லாமல் போகிற இடத்தில்தான் ஆழம். மதகடியில் குளித்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும். இங்கே வண்டிகள் போகிற தடத்தின் நடுவிலேயே இரண்டு முழ அகலத்துக்குத் தண்ணீர் கருத்துக் கிடந்தது. உள்ளே கல் உருளுகிற சத்தம் கேட்டது, கட்டட வேலையில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. கல் உருட்டுகிற தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது.

எதிரே நின்ற லாரி டிரைவரும் கையை ஆட்டி, காலையில் என்று ஜாடை காட்டினார். பாதாலுக்கே திரும்பினோம். அதற்கு முன் ஒரு வேலை செய்தேன். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பில் தேங்காய் அளவு வெள்ளைக் கல் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று பார்க்க எங்கள் அப்பா படித்துறையில் இப்படித்தான் வைப்பார்.

கல் கொட்டகை ஒன்றில் ரஜாய் என்கிற தடித்த பஞ்சுப் போர்வைக்குள் படுத்திருந்துவிட்டு விடியற்காலை ஐந்தரைக்குப் போனோம். என் கல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் அதிலிருந்து நாலு அடி உள்ளே போயிருந்தது. உயரத்தில் பார்த்தால் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருக்கும். கல்லின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பனி ஒட்டியிருந்தது. பையன் அதைக் கையில் எடுத்து, "மாமா, இது நேத்து தண்ணி" என்றான்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, லோவில் முதல் கியர், ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல், நடுவில் கிளட்சைத் தொடாமல் ஒரே சீராகப் போனேன். முன்னால் சின்ன அலை ஒன்று வண்டியோடு சேர்ந்தே நகர்ந்தது. ஒரு தடவை பின் சக்கரம் கல்லிலிருந்து நழுவி உட்கார்ந்தது. அப்போதும் முறுக்கவில்லை, தானே பிடித்து ஏறியது. அக்கரை போனதும் நாலைந்து தடவை பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஈரம் போக்கினோம். இரண்டு நிமிஷ வேலை. முந்தின நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஒரு தடவை போய்விட்டு உபதேசம் செய்கிறான் என்று சிலர் எழுதலாம். நான் தேர்ந்த ஆள் என்று எங்கேயும் சொல்லவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மலையைக் கெடுக்கிற பொழுதுபோக்கு என்றும் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஸ்பிதிக்குப் பக்கத்து லாஹூலில் ஒருவர் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க ஓடுகிற சந்திரா ஆற்றுக்குள்ளேயே தார் ஓட்டிப்போன வீடியோ பரவி, போலீஸ் அபராதம் போட்டது. அது எனக்கும் பிடிக்காது. சொந்த வரப்பில் ஒருவன் வண்டி ஏற்றினால் சும்மா இருப்போமா? பாதை எவ்வளவு மோசமாக இருந்தாலும் பாதையிலேயே போங்கள். சந்திரதால் ஏரிக்கும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும், நடங்கள்.

பயிற்சிக்கு முதலில் பச்சைமலை. துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டி ஏறி, அதே வழியில் இறங்குங்கள். இறங்கும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை எத்தனை தடவை மிதிக்கிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். இரண்டாம் முறை அது பாதியாக வேண்டும். அப்புறம் கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும், அதையும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பிரிந்து போகிற மண் பாதை எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள், வழக்கு போடுவார்கள். கொழுக்குமலை ஆசை இருந்தால் சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்பில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட் கேட்டு வாங்கி உட்காருங்கள். இறக்கத்தில் அவர் கால் எந்தப் பெடலில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகு ஸ்பிதிக்குத் தேதி குறியுங்கள். தண்ணீர் குறைவாக வேண்டும் என்றால் செப்டம்பர் பாதிக்கு மேல். வீட்டில் அப்பா அம்மா இன்னும் பயப்பட்டால் பச்சைமலைக்கு அவர்களையும் பின் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள்.