80 விமானங்களுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: 1944 ஜூன் 20 அன்று பிலிப்பைன் கடலில், எதிரியிடம் இழந்ததைவிடப் பல மடங்கு விமானங்களை அமெரிக்கக் கடற்படை திரும்பும் வழியில் இழந்தது. இருட்டிவிடும் என்று தெரிந்தே ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க அவற்றை அனுப்பிய, விமானந்தாங்கிக் கப்பல்களின் தளபதி வைஸ் அட்மிரல் மிட்ஷர் மீது நடவடிக்கை எடுத்திருக்க வேண்டாமா?

பதில்: வேண்டியதில்லை என்பதே என் எண்ணம், ஆனால் அவருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜப்பானியக் கப்பல்கள் கண்ணில் பட்ட செய்தி வந்தபோது பிற்பகல் நான்கு மணி நெருங்கிவிட்டது. விமானம் ஏற்றவும் இறக்கவும் தாய்க்கப்பல் (விமானந்தாங்கிக் கப்பல்) காற்றை எதிர்த்து ஓடியாக வேண்டும்; அன்று காற்று கிழக்கிலிருந்து வீசியதால், மேற்கே இருந்த எதிரியைத் துரத்தியவர்கள் ஒவ்வொரு முறையும் அவனை விட்டு விலக நேர்ந்தது. 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் கிளம்பிய பிறகுதான், முதல் செய்தியில் சொன்ன இடத்தைவிடச் சுமார் 60 கடல் மைல் தள்ளி எதிரி இருக்கிறான் என்ற திருத்தம் வந்தது. இரண்டாவது அணியை நிறுத்திய மிட்ஷர், முதல் அணியைத் திரும்ப அழைக்கவில்லை. குற்றம் சாட்டுவதானால் இந்த ஓர் இடத்தில்தான் சாட்ட முடியும்.

சண்டையில் வீழ்ந்தவை சுமார் 20. எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியும் கப்பலின் மேல்தளத்தில் மோதியும் போனவை சுமார் 80. ஹெல்டைவர் என்ற புதிய வகைக் குண்டுவீச்சு விமானங்களே அதிகம் போயின. அதே வேலைக்கான பழைய டான்ட்லஸ் விமானங்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன என்பது தனிக் கதை. நீர்மூழ்கிகளுக்கு இலக்காவோம் என்று தெரிந்தும் திரும்பும் விமானிகளுக்கு வழி தெரிய மிட்ஷர் கப்பல்களின் விளக்குகளை ஏற்றச் சொன்னார். நாசகாரிக் கப்பல்கள் இரவெல்லாம், மறுநாளும் தேடியதால், கடலில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர். விமானிகளும் உடன் பறந்தவர்களுமாக ஏறக்குறைய 50 பேர் மட்டுமே மாண்டனர். அந்த ஆண்டில் 90,000-க்கும் மேல் விமானம் கட்டிய நாட்டுக்கு, கணக்குப் பார்க்க வேண்டியது அந்த 50 பேரைத்தான். ஈடாகக் கிடைத்தவை ஹியோ என்ற தாய்க்கப்பலும் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும். அது மலிவான பேரம் அல்ல.

உண்மையில் விமானிகளின் கோபம் மிட்ஷரை விட்டு, 18-ஆம் தேதி இரவு எதிரியை நோக்கி மேற்கே செல்ல அனுமதி மறுத்த, அவருடைய மேலதிகாரி அட்மிரல் ஸ்புருயன்ஸ் மீதே திரும்பியது. சைப்பான் தீவில் இறங்கிய அமெரிக்கப் படையைக் காப்பதே ஸ்புருயன்ஸுக்கு இடப்பட்ட பணி என்பதால் நான் அவர் பக்கமே நிற்பேன். அமெரிக்கக் கடற்படைத் தலைவர் கிங்கும் அப்படியே நின்றார். எதிர்த்தரப்பில், போதிய பயிற்சியில்லாத விமானிகளோடு களமிறங்கி 19-ஆம் தேதி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான விமானங்களை இழந்த ஜப்பானியத் தளபதி ஒசாவா, தாமாகவே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அதுவும் ஏற்கப்படவில்லை.