தண்ணி ஊத்துறதுக்கா ஃபீஸ்?

கேள்வி: பொண்ணுக்கு மூணு வயசு ஆகப்போகுது. ஒரு மாண்டிசோரி ஸ்கூலைப் போய்ப் பார்த்தோம், ஏபிசிடி எழுதவைக்கல, ஹோம்வொர்க் இல்ல, பசங்க பாட்டுக்கு ஜக்குல தண்ணி ஊத்தி விளையாடுறாங்க. 'இதுக்கா இவ்ளோ ஃபீஸ்'ங்கறாங்க மாமியார். என்ன பண்ண?
- வாசகி, திருச்சி

பதில்: மாமியார் கேக்குறது நியாயம்தான், ஆனா அது வெறும் விளையாட்டு இல்லீங்க. சிந்தாம ஊத்திப் பழகுற கைதான் நாளைக்கு பென்சிலைப் பிடிக்கப்போகுது. சாதா எல்கேஜில டீச்சர் போர்டுல எழுதுவாங்க, எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்துல அதையே எழுதணும். இங்க உப்புத்தாள்ல வெட்டி ஒட்டின எழுத்தை விரலால தடவி, சத்தத்தைச் சொல்லிப் பழகின அப்புறம்தான் எழுத்து. பிங்க் டவர்னு 10 கட்டை இருக்கும், 1 செ.மீ.ல ஆரம்பிச்சு 10 செ.மீ. வரைக்கும், மாத்தி அடுக்கினா பார்த்தாலே தெரிஞ்சுடும், டீச்சர் தப்புன்னு சொல்லவே வேணாம். மூணுல இருந்து ஆறு வயசு வரைக்கும் ஒரே கிளாஸ், சின்னது பெருசைப் பார்த்துக் கத்துக்கும்.

1907ல ரோம்ல ஏழைக் குழந்தைகளுக்காக மரியா மாண்டிசோரி ஆரம்பிச்சது இது, அந்தம்மா 1939ல நம்ம அடையாறுக்கே வந்து டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தவங்க. இன்னைக்கு பணக்காரங்க சமாச்சாரம் ஆயிடுச்சு, என்னத்தச் சொல்ல!

ஒண்ணு மட்டும் பாருங்க, இந்தப் பேரை யார் வேணா போர்டுல போட்டுக்கலாம். அதனால ஒரு காலை நேரம் கிளாஸ்ல உக்காந்து பாருங்க, சாமான் எல்லாம் ஷோகேஸ்ல பூட்டிக் கிடந்தா, வேற ஸ்கூல் தேடுங்க.