மஞ்சள் ஏறிய பணிப்பெண்

கேள்வி: ஐரோப்பிய ஓவிய மேதைகளின் படம் ஒன்றை நாள்தோறும் காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து வருகிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஒரு நண்பர் மட்டும் ‘யார் வரைந்தது, எந்த ஆண்டு, எங்கே இருக்கிறது, என்ன அளவு’ என்று துளைத்தெடுக்கிறார். அழகை ரசிப்பதற்கு இத்தனை விவரம் தேவையா?

பதில்: தேவை. உங்கள் குழுவில் ஓவியத்தின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

நீங்கள் அனுப்புவது அந்த ஓவியம்தானா என்று ஒருநாளாவது சரிபார்த்தது உண்டா? டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் 1660-ஐ ஒட்டி வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியம் ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மஞ்சள் பாய்ந்த மட்டமான நகல்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் பரவிக் கிடந்தன. அவற்றையே பார்த்துப் பழகியவர்கள், நிறம் பிசகாமல் அச்சிட்டு அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டையைக் கண்டு, இது அசலைப் போல இல்லையே என்று சந்தேகப்பட்டார்கள். கெட்ட நகல்களைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட நல்ல படத்தைத் தாமே கொடுத்துவிடுவது மேல் என்று முடிவு செய்த அருங்காட்சியகம், 2012-இல் தன் சேகரிப்பின் உயர்தரப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ள இணையத்தில் திறந்துவிட்டது.

அந்த நல்ல படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மட்டமான நகலில் வெறும் மஞ்சள் பரப்பாகத் தெரிந்த சுவர் வெள்ளைச் சுவர் என்பதும், அதில் அடித்த ஆணிக்குச் சிறு நிழல் விழுவதும், பிடுங்கிய ஆணிகள் விட்டுப்போன துளைகளும், சன்னலில் உடைந்த கண்ணாடி ஒன்றும், ரொட்டியின் மேலோட்டில் புள்ளிபுள்ளியாக வைத்த ஒளியும் அப்போதுதான் கண்ணில் படும். மஞ்சள் ஏறினால் முதலில் பலியாவது அவள் இடுப்பில் கட்டியிருக்கும் நீலத் துணி. லாபிஸ் லாசுலி என்ற விலையுயர்ந்த நீல நிறக் கல்லை அரைத்து எடுத்த அந்த நிறத்துக்காகவே இந்த ஓவியத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

அளவும் வீண் விவரமன்று. இந்த ஓவியத்தின் உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ. அதே அருங்காட்சியகத்தில் உள்ள, மற்றொரு டச்சு ஓவியரான ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ (1642) ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்டது. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவதால், ஒன்று கிட்டப் போய்க் குனிந்து பார்க்க வேண்டியது, மற்றது எட்ட நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியது என்பது, நீங்கள் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. (அந்தப் பெரிய ஓவியத்தை 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துச் சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். சதுரமாக நறுக்கிப் பகிரும் நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது.)

நல்ல படம் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இன்று செல்லாது. வெர்மீர் மறைந்தது 1675-இல். ஓவியத்துக்குக் காப்புரிமை இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் 2017 பிப்ரவரி முதல் காப்புரிமை கடந்த தன் படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றித் தருகிறது. ‘இரவுக் காவ’லையோ 8,439 தனித்தனிப் படங்களாக எடுத்து இணைத்து, 71,700 கோடிப் புள்ளிகள் கொண்ட ஒற்றைப் படமாக 2022-இல் வெளியிட்டார்கள். இவ்வளவும் வாசலில் காத்திருக்க, பத்துக் கை மாறி வந்த நகலை முன்னனுப்புவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, நாளுக்கு ஒன்று என்ற கணக்கை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்தே படத்தை எடுங்கள், ஓரங்களை நறுக்காதீர்கள், ஓவியத்தின்மேல் ‘இனிய காலை வணக்கம்’ எழுதாதீர்கள். ஓவியர், ஆண்டு, அளவு, இருக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். பணிப்பெண்ணுக்குப் பின்னால் தரையில் கிடக்கும் துளையிட்ட பெட்டி எதற்கு என்று குழுவில் கேட்டும் பாருங்கள். (உள்ளே தணல் வைத்துக் கால் காய்கிற பெட்டி அது.) பாராட்டுகள் குறையும், படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரிந்துவிடும்.