ஏர்பேக் ரீகால்: ஒரே காரை நம்பி இருப்பவர்களுக்கு

டகாடா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த பழுதான ஏர்பேக்குகளை (மோதலில் ஊதி நம்மைக் காக்கும் காற்றுப்பை) கார் கம்பெனிகள் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தருவதுதான் டகாடா ஏர்பேக் ரீகால். அது பற்றி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்து மக்கள் கேட்டவற்றுக்கு, கார் சர்வீஸ் வேலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். வீட்டில் ஒரே கார். ரீகால் கடிதம் வந்திருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: தம்பி, எந்தப் பக்கத்து ஏர்பேக் என்று முதலில் கடிதத்தில் பாருங்கள். முன் பயணி பக்கம் மட்டும் என்றால், மாற்றும்வரை அம்மா பின்சீட்டில் உட்காரட்டும். ஓட்டுநர் பக்கம் என்றால் ஆபத்து உங்களுக்கு. ஏர்பேக்கை ஊதவைக்க உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிமருந்து வருடக்கணக்கில் வெயிலிலும் ஈரக்காற்றிலும் கெட்டுப்போகிறது. அப்புறம் சின்ன மோதலுக்கே அளவு மீறி வெடித்து, அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடு துண்டு துண்டாக முகத்திலும் கழுத்திலும் பாய்கிறது. நம் நாட்டுச் சீதோஷ்ணம் இதற்கு ரொம்பவே மோசம். 2014-இல் சரவாக் மாநிலத்துச் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார்.

அதனால் இன்றே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "இதை ஓட்டலாமா, ஓட்டவே கூடாதா?" என்று நேராகக் கேளுங்கள். கூடாது என்றால், காரை எடுத்துப்போக இழுவை லாரியும் மாற்றுக் காரும் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை. ஓட்டலாம் என்றால், டயாலிசிஸ் நாளிலேயே ஈப்போவில் தேதி வாங்குங்கள். அம்மா நான்கு மணி நேரம் மிஷினில் இருக்கும்போது கார் அங்கே இருக்கட்டும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார், ஐயா. கடிதமே வரவில்லை.

பதில்: பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். கார் கிராண்ட்டில் (பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேசிஸ் எண்ணை, அதாவது காரின் அடையாள எண்ணை, கார் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 17 இலக்க எண்ணில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து வராது. வட்டமாக இருப்பது பூஜ்யம்தான்.

கேள்வி: டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லையே?

பதில்: அது மின்கோளாறைத்தான் காட்டும். மருந்து கெட்டது அதற்குத் தெரியாது.

கேள்வி: ஹாஃப் கட் கடையில் (பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) ஏர்பேக் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அதுவும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியதுதான். அதே கெட்ட மருந்து உள்ளே இருக்கலாம். ரீகாலில் மாற்ற உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. நீங்களே கழற்றவும் வேண்டாம், கையிலேயே வெடிக்கக்கூடும்.

கேள்வி: தோட்டப் பள்ளி ஆசிரியை நான். பஸ் கிடையாது. மாற்ற வேண்டிய ஏர்பேக் சாமான் இன்னும் வரவில்லை, காத்திருங்கள் என்கிறார்கள்.

பதில்: டீச்சர், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பெயரைப் பதிவு செய்ததற்கு எழுத்தில் ஏதாவது வாங்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். பக்கத்து டவுன் சர்வீஸ் சென்டரில் சாமான் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதுவரை அதே பள்ளிக்குப் போகும் ஒருவரோடு சேர்ந்து போய், பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.