பால்கனிக்குச் சாரல் மறைப்பு போட அடுக்ககச் சங்கம் அனுமதி மறுக்கிறது. என்ன செய்யலாம்?

கோவை வடவள்ளியில், மேற்குப் பார்த்த பால்கனி உள்ள வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உங்கள் அவதி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, சாரலைக் கூடம் வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

நானும் முதலில் தகட்டு மறைப்புதான் நினைத்திருந்தேன்; "மறைப்பு போட அனுமதி வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். மறுத்துவிட்டார்கள். என் வீடு, என் பணம் என்று கோபப்பட்டேன். பிறகுதான் கிரையப் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படித்தேன். நிலத்தில் எனக்கு இருப்பது பிரிபடாத பாகம் மட்டுமே, அதாவது இன்ன இடம் என்று பிரித்துக் காட்ட முடியாத பங்கு. அஸ்திவாரம், முதன்மைச் சுவர்கள், மொட்டை மாடி எல்லாம் பொது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதுச் சட்டம் இயற்றப்பட்ட பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. வெளிச்சுவரில் போல்ட் அடிக்கச் சங்கத்தின் சம்மதத்தைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே முதலில் சங்கத்தின் பைலாவை, அதாவது அதன் விதிமுறைகளை, வாங்கிப் படியுங்கள். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால், தர மறுத்தாலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம்.

செயற்குழுவிடம் போவதற்கு முன் கீழ்வீட்டுக்குப் போங்கள். இதை நான் தாமதமாகத்தான் செய்தேன். எனக்குக் கீழே இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. "உங்கள் வீட்டுக்குச் சாரல் வராது, சரி. தகட்டில் விழுகிற தண்ணீரெல்லாம் என் துணிக்கொடியில்தானே வடியும், தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனுவில் இல்லவே இல்லை. மறைப்பு செய்து தரும் பட்டறைக்காரரிடம் சொல்லி, தண்ணீர் ஓரமாக இறங்க ஒரு குழாயைச் சேர்த்து வரையச் சொன்னேன். ஆசிரியையே முதல் கையெழுத்தைப் போட்டார்.

இரண்டாவது மனுவில் நீளம், அகலம், பொருள், கட்டடத்தின் வண்ணத்தோடு ஒத்துப்போகும் பெயின்ட், போல்ட் அடிக்கும் இடம் எல்லாம் இருந்தன. பின்னால் கசிவு வந்தால் என் செலவில் சரிசெய்வேன் என்றும் எழுதினேன். குழு அதிகம் விசாரித்தது காற்றைப் பற்றித்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் மாடியில் வெறும் பழமொழி அன்று. ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு தகடு பிய்த்துக்கொண்டு போனால், கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். அதனால் தகட்டைக் கைவிட்டு, சுருட்டி ஏற்றக்கூடிய தடித்த திரைக்கு ஒப்புக்கொண்டேன். குழாய் அப்படியே இருந்தது.

அனுமதி வாய்மொழியாக வேண்டாம். தீர்மானமாகப் பதிந்து, முத்திரையோடு கடிதம் கைக்கு வரும்வரை பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். பால்கனியைச் சுவர் வைத்தோ கண்ணாடி வைத்தோ முழுவதும் அடைத்து அறையாக்க நினைத்தால் சங்கத்தின் கடிதம் போதாது. அது கட்டட அனுமதி சார்ந்த விஷயம், மாநகராட்சியில் கேளுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பொதுக்குழுவில் வையுங்கள். இன்னொன்று: தனியாகப் போகாதீர்கள். மேற்கு வரிசையில் எல்லா வீட்டுக்கும் இதே சாரல்தான். நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே வரைபடமாகக் கொடுங்கள். எங்கள் வளாகத்தில் அடுத்த ஆண்டு அப்படித்தான் ஒரே தீர்மானத்தில் மொத்த வரிசைக்கும் அனுமதி கிடைத்தது. ஆனிக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் மாசியிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.